பாறை முந்திக்கொண்ட சித்திரை

என் கணவருக்குத் தாளம் வராது. கல்யாணமான புதிதில் அதை நான் ஒரு குறையாக நினைக்கவில்லை. ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார். தாளத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்யப் போகிறார்? பஜனையில் அவர் கைதட்டினால் பக்கத்தில் இருப்பவர் மெல்ல நகர்ந்து உட்கார்வார். அவரோ கண்ணை மூடிக்கொண்டு இன்னும் உற்சாகமாகத் தட்டுவார். அவ்வளவுதான் அதனால் வந்த நஷ்டம். சத்தத்தின் வேகத்தை அளக்கிற வேலைக்குத் தாளம் வேண்டியிருக்கும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அப்போது குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு ஊரில் குடியிருந்தோம். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். ஸ்கூல் லேபில் ஒரு தராசு, இரண்டு காந்தம், ஒரு தெர்மாமீட்டர். அந்தத் தெர்மாமீட்டரை என் கணவர் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்வார். லீவு நாளில் யாராவது எடுத்து உடைத்துவிடுவார்கள் என்று வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார். எனக்கு ஒரு தடவை காய்ச்சல் வந்தபோது அதை என் வாயில் வைக்கச் சொல்லிக் கேட்டேன். "இது அதுக்கு இல்ல" என்றுவிட்டார்.

அவருக்கு ஊரில் ஒரே ஒரு சிநேகிதர், கணக்கு வாத்தியார். ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு சைக்கிளில் போய்விட்டு வருகிற வழியில் எங்கள் வீட்டில் காப்பி குடிப்பார். என்னைத் தங்கச்சி என்பார். நான் அவரை அண்ணே என்பேன். யார் எதைச் சொன்னாலும் அதில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடிப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் மறுநாள் நடத்த வேண்டிய பாடத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். ஒலி காற்றில் செகண்டுக்கு ஆயிரத்து நூறு அடி செல்கிறது என்று ஒரு வரி.

"எந்தக் காத்துல சார்?" என்றார் கணக்கு வாத்தியார்.

"காத்துன்னா காத்துதான்."

"மார்கழிக் காத்தும் சித்திரைக் காத்தும் ஒண்ணா? சித்திரையில நான் ஸ்கூலுக்கு வந்து சேரவே அரை மணி லேட்டாகுது. சத்தம் மட்டும் களைக்காம வருமா?"

"சூட்டுல சத்தம் வேகமாத்தான் போகும். காலேஜ்ல படிச்சிருக்கேன்."

"படிச்சீங்க, சரி. பாத்தீங்களா?"

என் கணவர் கையிலிருந்த காப்பி ஆறிப் போயிற்று. கணக்கு வாத்தியார் போன பிறகும் அவர் புத்தகத்தை மூடவும் இல்லை, படிக்கவும் இல்லை.

ஊருக்கு மேற்கே சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கிற பாறை ஒன்று உண்டு. அதன் முன்னால் புல்லும் முள்ளுமாகப் பொட்டல். அங்கே நின்று கூப்பிட்டால் பாறை திருப்பிக் கூப்பிடும். ஆடு மேய்க்கிறவர்களுக்கெல்லாம் அது தெரியும். என் கணவர் அதை வைத்துத்தான் அளக்கப் போவதாகச் சொன்னார். அவர் எனக்கு விளக்கியதை அப்படியே சொல்கிறேன். இரண்டு பலகைகளை ஒன்றோடொன்று தட்டினால் சத்தம் பாறைக்குப் போய்த் திரும்பி வரும். அதற்கு அரை செகண்ட் ஆகிற தூரத்தில் நின்றுகொள்ள வேண்டும். பிறகு, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் சரியாக நடுவில் பாறையின் சத்தம் விழுகிற மாதிரி விடாமல் தட்டிக்கொண்டே போக வேண்டும். இப்படி நூறு தடவை தட்ட எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தில் பார்த்தால் போதும். சத்தத்தின் வேகம் கணக்கில் வந்துவிடும். ஒரு அடியில் தெரியாத வித்தியாசம் நூறு அடியில் சேர்ந்து தெரியும்.

"அம்புட்டுதானா?" என்றேன்.

"அம்புட்டுதான்" என்றார் பெருமையாக.

நிலக்கணக்கு எழுதும் கர்ணத்திடம் சர்வேச் சங்கிலி வாங்கிவந்து பாறையிலிருந்து நாலேகால் சங்கிலி, கிட்டத்தட்ட இருநூற்றெண்பது அடி தூரம், அளந்து ஒரு முளை அடித்தார். தச்சரிடம் சொல்லிப் பூவரசில் இரண்டு பலகை, பிடியோடு. செகண்ட் முள் உள்ள கைக்கடிகாரம் கணக்கு வாத்தியாரிடம் மட்டும்தான் இருந்தது. அதைக் கழற்றித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "வாட்ச் எங்க போகுதோ அங்க நானும் வருவேன்" என்றார். ஆக அவரும் வந்தார். இருவருக்கும் கட்டுச்சோறு வேண்டும் என்று நானும் போனேன்.

கார்த்திகை மாசம் அது. மழை விட்டு வெயில் அடித்திருந்தது. என் கணவர் முளைக்குப் பக்கத்தில் நின்று பலகையை ஓங்கித் தட்டினார். பாறையும் ஒழுங்காகப் பதில் சொன்னது. அடுத்த அடியிலிருந்து தகராறு. அவர் அடி ஒரு பக்கம், பாறையின் அடி இன்னொரு பக்கம். சில சமயம் பாறையே குழம்பிப்போய் மௌனமாகிவிட்டதோ என்று தோன்றியது. பத்துத் தடவை செய்தார். கணக்குப் போட்டதில் சத்தம் ஒரு தடவை செகண்டுக்கு ஆயிரத்து நானூறு அடி போயிருந்தது. அடுத்த தடவை தொள்ளாயிரம்.

"சத்தம் நல்லாத்தான் சார் போகுது. நீங்கதான் நொண்டுறீங்க" என்றார் கணக்கு வாத்தியார்.

நான் சிரித்துவிட்டேன். கல்யாணமாகி மூன்று மாசம்கூட ஆகவில்லை, புருஷனைப் பார்த்து அடுத்தவர் எதிரில் சிரிக்கலாமா கூடாதா என்று யோசிக்குமுன் வந்துவிட்ட சிரிப்பு. அவர் கோபப்படவில்லை. பலகைகளை என்னிடம் நீட்டினார். "நீ அடிச்சுப் பாரு, தெரியும்" என்றார்.

அடித்தேன். பாறை பதில் சொன்னது. நான் அடித்தேன். அது சொன்னது. எனக்கு உடனே பிறந்த வீட்டு முற்றம்தான் ஞாபகம் வந்தது. ஒரே உரலில் நானும் தங்கையும் எதிரெதிரே நின்று நெல் குத்துவோம். என் உலக்கை இறங்கும்போது அவளுடையது ஏறும். அவளுடையது இறங்கும்போது என்னுடையது ஏறும். இடையில் ஒரு மயிரிழை தவறினாலும் இரண்டு உலக்கையும் முட்டிக்கொள்ளும். பத்து வயதிலிருந்து செய்த வேலை. இங்கே தங்கைக்குப் பதில் பாறை, அவ்வளவுதான் வித்தியாசம். நான் நூறுக்கு மேல் போய்க்கொண்டே இருந்தேன். நிறுத்தச் சொல்லவே இருவருக்கும் தோன்றவில்லை.

"தங்கச்சி இத எங்க சார் படிச்சுச்சு?" என்றார் கணக்கு வாத்தியார்.

"எங்க வீட்டு ஒரல்ல" என்றேன்.

அப்புறமும் ஒரு வாரம் வீணாயிற்று. என் கணவர் முதல் அடியை ஒன்று என்று எண்ணினார். கணக்கு வாத்தியார் அதை ஸைபர் என்று எண்ண வேண்டும் என்றார். நூறு அடிக்கு நடுவில் தொண்ணூற்றொன்பது இடைவெளிதான் இருக்கும் என்று முள்ளுக்குச்சியால் தரையில் கோடு கிழித்துக் காட்டினார். இருவரும் அந்தக் கோடுகளைச் சுற்றி நின்று வாதாடினார்கள். நான் தயிர்சோற்றைத் தின்று முடித்துவிட்டேன். கடைசியில் என் கணவர் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டதைக் காட்டிக்கொள்ளாமல் "நானும் அதத்தான் சொன்னேன்" என்றார்.

மார்கழி வந்ததும் விடியற்காலையில் போனோம். புல்லெல்லாம் பனி. தெர்மாமீட்டரை வேப்பங்கிளையில் கட்டித் தொங்கவிட்டால் இருபத்தோரு டிகிரி காட்டியது. எனக்கு அவருடைய சால்வை. அவர் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு நடுங்கினார். நான் அடித்தேன், அவர் எண்ணினார், கணக்கு வாத்தியார் முள்ளைப் பார்த்தார். நூறு செகண்டுக்கு அரை செகண்ட் குறைவு. மறுபடி அடித்தேன். அதே. பத்து நாளில் எத்தனையோ தடவை அடித்தும் அரை செகண்டுக்கு மேல் முன்னே பின்னே போகவில்லை. நோட்டுப் புத்தகத்தில் தேதி, மணி, டிகிரி, செகண்ட் என்று அவர் எழுத்து எறும்பு ஊர்வதுபோல் ஊர்ந்தது.

ஊர் சும்மா இருக்குமா? பாறைப் பக்கம் ஆடு மேய்க்கும் அம்மாள் ஒருத்தி தினமும் எங்களைப் பார்ப்பாள். ஒரு நாள் கிணற்றடியில் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏத்தா, ஒன் புருசன் எதுக்கு ஒன்னயப் பாறையடியில நிறுத்திப் பலகை தட்டச் சொல்றாக? எதும் வேண்டுதலா?"

"சத்தம் எம்புட்டு வேகமாப் போகுதுன்னு பாக்குறோம் அக்கா."

அவள் என்னையே பார்த்தாள். "போயி?" என்றாள்.

"போயிட்டுத் திரும்பி வரும்ல, அதத்தான்."

"திரும்பித்தான் வந்துருச்சே, அப்பறம் எதுக்குத் தேடணும்?" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இதை என் கணவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி" என்றார்.

பிறகு சித்திரை. ஸ்கூல் லீவு விட்டார்கள். அக்கினி நட்சத்திரம் தொடங்கிய பிறகு ஒரு நண்பகலில் போனோம். தெர்மாமீட்டரில் முப்பத்தொன்பது. செருப்புப் போட்டிருந்தும் கால் சுட்டது. பலகைப் பிடியே கொதித்தது. என் கணவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்: சூடு ஏறினால் சத்தம் வேகமாகத் திரும்பும், அடிகள் நெருங்கும், நூறு அடிக்கு மூன்று செகண்ட் மிச்சமாகும். அடிக்கப் போகிறவளிடம் விடையை முன்கூட்டியே சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வெயிலில் எப்போது வீடு போய்ச் சேருவோம் என்பதுதான் என் கவலை.

அடித்தேன். நூறு அடி. கணக்கு வாத்தியார் வாட்சைப் பார்த்தார். தொண்ணூற்றொன்பதரை.

"மறுபடி" என்றார் என் கணவர்.

மறுபடியும் தொண்ணூற்றொன்பதரை. மூன்று நாள் போனோம். மூன்று நாளும் மார்கழிக் கணக்கேதான்.

கணக்கு வாத்தியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நான் சொன்னப்ப நம்பலயே சார்! சித்திரையில ஒண்ணும் ஓடாது" என்றார். உடனே முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஆனா கொறையவும் இல்லயே. தங்கச்சி கையில ஏதும் தப்பு இருக்குமோ?" என்றார்.

இது நடந்தது எங்கள் வீட்டில். நான் அடுப்படியில் அரைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"அவ கையி தப்பாது சார். பத்து நாள் மார்கழியில பாத்தீங்களே. அவ அடிச்சு வித்தியாசம் வரலன்னா புத்தகம்தான் தப்பு."

என் கை குழவியிலேயே நின்றுவிட்டது. கல்யாணமாகி எட்டு மாசத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது. குழம்பு நன்றாயிருந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வாரே தவிர வாயைத் திறக்க மாட்டார். அப்படிப்பட்டவர் என் கைக்காகப் புத்தகத்தையே விட்டுக்கொடுக்கிறார். ஆனால் என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. ஏனென்றால் தப்பு என் கையில்தான் இருந்தது. எனக்கு அது முதல் நாளே தெரியும்.

சொல்லுகிறேன். சித்திரையில் போன முதல் நாள் நான் அடிக்க ஆரம்பித்ததுமே பாறை கொஞ்சம் அவசரப்பட்டது. என் அடிக்கும் அடுத்த அடிக்கும் சரியாக நடுவில் விழ வேண்டிய சத்தம், நடுவுக்கு முன்னாலேயே விழுந்தது. நூலளவுதான். ஆனால் உலக்கை போட்ட காதுக்கு அது போதும். என் தங்கை சின்னவள், அவசரக்காரி. உரலில் அடிக்கடி முந்துவாள். அப்போதெல்லாம் நான் என் வேகத்தை மாற்ற மாட்டேன். ஒரு முறை முறைப்பேன். அவள் வழிக்கு வந்துவிடுவாள். அந்தப் பழக்கத்தில் பாறையையும் வழிக்குக் கொண்டுவரப் பார்த்தேன். மார்கழியில் பத்து நாள் அடித்து என் கையில் ஏறிவிட்ட தாளத்தை விடாமல் அப்படியே அடித்தேன். வெயில்தான் ஏதோ செய்கிறது, பலகை காய்ந்து சத்தம் மாறிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாறையை முறைத்து என்ன பிரயோசனம்? அது முந்திக்கொண்டேதான் இருந்தது.

உடனே சொல்லியிருக்கலாம். 'தப்பாது' என்ற அந்த ஒரு சொல் கேட்ட பிறகு வாய் வரவில்லை. இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் காலையில் அவர் திருச்சியில் தன் காலேஜ் புரொபசருக்கு நாலு பக்கத்தில் ஒரு கடுதாசி எழுதி, உறையில் போட்டு ஒட்டி, தபால்காரர் வந்தால் கொடு என்று என்னிடம் தந்துவிட்டுக் குளிக்கப் போனார். அதில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும். புதுக்கோட்டைப் பக்கத்தில் வெயிலுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை, புத்தகத்தைத் திருத்துங்கள் என்றிருக்கும். புரொபசர் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பார். என்னைப் பார்த்து அல்ல, அவரைப் பார்த்து.

தபால்காரர் மணி அடித்துக்கொண்டு வந்தார். நான் உறையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "இன்னிக்கு ஒண்ணுமில்லங்க" என்று அனுப்பிவிட்டேன்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "குடுத்துட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"ஏங்க... தப்பு எங்கிட்டத்தான். பாறை முந்துச்சு. நாந்தான் அதுக்கு எடங்குடுக்கல."

எல்லாவற்றையும் சொன்னேன். தங்கையை, உரலை, முறைப்பை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டாவிட்டால், போகட்டும் விடு என்று ஆறுதலாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. ஈரத் துண்டோடு என் எதிரில் உட்கார்ந்து, "எம்புட்டு முந்துச்சு?" என்று கேட்டார்.

"நூலளவு."

"எல்லா அடியிலயுமா, சில அடியிலயா?"

"எல்லா அடியிலயும். ஒரே மாதிரி."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. ஏதோ பிள்ளை பிறந்த சேதி கேட்டவர் மாதிரி. கடுதாசியை வாங்கி நாலாகக் கிழித்தார். பிறகுதான், கொஞ்சம் தாமதமாக, "நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாம்" என்றார். "நீங்க அப்படிச் சொன்னபெறகு எப்படிச் சொல்ல?" என்றேன். அவருக்குத் தான் என்ன சொன்னோம் என்பதே நினைவில்லை.

அன்றைக்கே நண்பகலில் மூவரும் போனோம். ஆனால் தெரிந்துவிட்டால் மட்டும் கை கேட்குமா? பழைய தாளம் விட மாட்டேன் என்றது. இரண்டு தடவை அடித்தும் பாறையை நான்தான் இழுத்தேன். அப்போது எனக்குப் புகுந்த வீட்டு மூத்த நாத்தனார் ஞாபகம் வந்தது. அவரோடு உலக்கை போட்டால் நான் என் இஷ்டத்துக்குப் போட முடியாது. அவர் கை எப்படிப் போகிறதோ அப்படித்தான் நான் போக வேண்டும். வேகமென்றால் வேகம், மெதுவென்றால் மெது. கண்ணை மூடிக்கொண்டு பாறையை நாத்தனாராக நினைத்துக்கொண்டேன். இனி முறைப்பு கிடையாது. அவர் சொல்வதுதான் சட்டம்.

அடித்தேன். பாறை இழுத்த இழுப்புக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் அதன் சத்தம் என் அடிகளுக்கு நட்டநடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. என் கணவர் எண்ணுகிற குரல் மட்டும் தூரத்தில் கேட்டது. நூறு என்றதும் நிறுத்தினேன்.

கணக்கு வாத்தியார் வாட்சைப் பார்த்தார். கையைக் காதருகே கொண்டுபோய் ஓடுகிறதா என்று கேட்டார். மறுபடி பார்த்தார்.

"தொண்ணூத்தாறரை" என்றார்.

இன்னும் நாலு தடவை அடித்தேன். தொண்ணூற்றாறரை, தொண்ணூற்றேழு, தொண்ணூற்றாறரை, தொண்ணூற்றாறு. என் கணவர் நோட்டில் எழுதினார். வேர்வை சொட்டி மை கலங்கியது. அந்தக் கலங்கிய பக்கத்தைக் கணக்கு வாத்தியார் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப சித்திரையில நான் மட்டுந்தான் லேட்டு" என்றார்.

அதோடு நின்றிருந்தால் அவர் என் கணவர் இல்லை. ஆடி பிறந்ததும், காற்று அடித்தால் சத்தம் என்னாகிறது பார்க்கலாம் என்றார். அந்த மாசக் காற்றில் என் சேலையைப் பிடிக்கவே இரண்டு கை வேண்டும், பலகை பிடிக்கக் கைக்கு எங்கே போவது?

"ஒண்ணும் ஆவாதுங்க" என்றேன்.

"எப்படிச் சொல்ற?"

"காத்து பாறைப் பக்கமிருந்துல்ல அடிக்குது? போறப்ப மறிக்கும், வாறப்ப தள்ளிவிடும். அதுக்கு இது சரியாப் போயிரும். அண்ணன் சைக்கிள்ல வந்துட்டுப் போறாகளே, கேளுங்க."

கணக்கு வாத்தியார் தரையில் கோடு போட ஆரம்பித்தார். போட்டு முடித்துவிட்டு, மயிரிழை வித்தியாசம் இருக்கும், ஆனால் இந்த வாட்ச்சுக்குத் தெரியாது, தங்கச்சி சொன்னது சரி என்றார். என் கணவர் நம்பவில்லை. அவருக்கு இப்போது பார்த்தால்தான் நம்பிக்கை. போனோம், முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு அடித்தேன். வெயிலின் அளவுக்கு என்ன வர வேண்டுமோ அதுதான் வந்தது. திரும்பி வீட்டு வாசலுக்கு வந்ததும் என் கணவர், "நீ காலேஜ் போயிருக்கணும்" என்றார். இந்தத் தடவை கேட்டுச் சந்தோஷப்பட எனக்குத் தடையொன்றும் இருக்கவில்லை.

ஐப்பசியில் ஈரத்தை அளந்தோம். காற்றில் எவ்வளவு ஈரம் என்று தெரியத் தெர்மாமீட்டர் நுனியில் ஈரத்துணி சுற்ற வேண்டும் என்று அவருடைய நல்ல வேட்டியிலேயே ஒரு மூலையைக் கிழித்தார். ஈரக்காற்று கனம், அதனால் சத்தம் மெதுவாகும் என்பது கணக்கு வாத்தியார் கட்சி. இல்லை, ஈரக்காற்றுதான் லேசு என்பது இவர் கட்சி. பாறை எந்தக் கட்சியிலும் சேரவில்லை. வித்தியாசம் இருந்தாலும் அது அவ்வளவு சின்னது, என் கைக்கோ அந்த வாட்ச்சுக்கோ எட்டவில்லை என்று என் கணவர் நோட்டில் எழுதினார். தெரியவில்லை என்று அவர் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எழுதிவிட்டு நிம்மதியாகத்தான் இருந்தார்.

அடுத்த வருஷம் பாடம் நடத்தும்போது கரும்பலகையில் மார்கழிக்கு ஒன்று, சித்திரைக்கு ஒன்று என இரண்டு வேகம் எழுதினாராம். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி, பரீட்சையில் எதை எழுதுவது என்று கேட்டிருக்கிறார். பரீட்சை எந்த மாசம் என்று இவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். அது மரியாதைக் குறைவு என்று ரிப்போர்ட்டில் ஏறியது. இதைச் சொன்னவர் கணக்கு வாத்தியார்தான். என் கணவருக்கு அதில் என்ன மரியாதைக் குறைவு என்று கடைசி வரை புரியவில்லை.

அந்த ரிப்போர்ட்டாலோ வேறு எதனாலோ, இரண்டு வருஷத்தில் கறம்பக்குடிப் பக்கம் மாற்றல் வந்தது. லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு போனோம். எட்டின தூரத்துக்கு வயல், தென்னை, வயல். பாறை என்று ஒரு கல் கூடக் கண்ணில் படவில்லை. இறங்கியதும் அவர் நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பாவமாக இருந்தது. மறுநாள் காலையில் பார்க்கிறேன், என் சமையல் புனலை ஒரு பாட்டிலில் செருகி மழை அளக்க முற்றத்தில் வைத்திருக்கிறார். எண்ணெய் ஊற்றப் புனல் இல்லாமல் நான் அகப்பையால் ஊற்றிக்கொண்டேன்.